சாதனங்களுக்குப் பெயரிடும் கருவி: யூடெவ்வின் தோற்றமும் தொழிலும் நிறுவலும்

பெயரிடுதல் மொழிக்கு மட்டும் உரிய செயலன்று. ஒழுங்குபட்ட எவ்வமைப்பும் தன்னுள் அடங்கிய பொருள்களை ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்தி அறியும்பொருட்டுப் பெயரை வேண்டிநிற்கும். காரணம் பற்றாது வழங்கும் பெயரை இடுகுறி என்றும், காரணம் பற்றி வழங்கும் பெயரைக் காரணப்பெயர் என்றும் நன்னூலார் வகுத்துரைத்தார். கணினியினுள்ளும் இவ்விருவகைப் பெயர்களும் வழங்குகின்றன. வன்தட்டு, அச்சுப்பொறி, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்கள் ஒவ்வொன்றும் பணிசெயல் முறைமைக்கு ஒரு பெயரால் அறியப்படல் வேண்டும். அப்பெயரை இடுதற்குரியார் யார், எப்பொழுது இடுதல் வேண்டும், எதனை ஆதாரமாகக் கொண்டு இடுதல் வேண்டும் என்னும் வினாக்கள் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியோரை நெடுங்காலம் சிந்திக்க வைத்தன. அவற்றுக்கு விடையாக எழுந்ததே யூடெவ் எனப்படும் சாதன மேலாண்மைக் கருவியாகும்.

இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று கருதத்தக்கதன்று. ஒரு கணினியில் இரண்டு வன்தட்டுகள் உள்ளன என்க. ஒன்று பல்லாண்டுக் கால ஆவணங்களைத் தாங்கியது, மற்றையது வெறுமையானது. வெறுமையானதை வடிவமைக்குமாறு பெயர் சுட்டிக் கட்டளையிடும்போது, அப்பெயர் அன்றைக்கு ஆவணத் தட்டைக் குறிப்பதாயின், அத்தனை ஆவணங்களும் கைவிட்டுப் போகும். கட்டளையில் எழுத்துப் பிழை யாதும் இராது. பிழை பெயரிலேயே இருக்கும்.

சாதனமும் கோப்பும்

யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போரால் தொடங்கப்பட்டது. சாதனங்களையும் கோப்புகளைப் போலவே கையாளுதல் அதன் சிறந்த கோட்பாடுகளுள் ஒன்று. ஒரு கோப்பைத் திறப்பதற்கும் வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் உரிய அதே கட்டளைகளால் ஒரு தட்டையோ முனையத்தையோ திறக்கவும் வாசிக்கவும் எழுதவும் இயலும். 1991 இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இக்கோட்பாட்டையே மேற்கொண்டது. சாதனங்களைக் குறிக்கும் இச்சிறப்புக் கோப்புகள் டெவ் என்னும் அடைவில் இருக்கும். அவை சாதனக் கணுக்கள் எனப்படும்.

பயனர் பார்ப்பது கணுவின் பெயரை. ஆயின் முறைமையின் மையமாகிய கருனி பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று பேரெண், அது சாதனத்தை இயக்கும் செலுத்தி நிரலைச் சுட்டும். மற்றையது சிற்றெண், அது அச்செலுத்தியின் கீழ் உள்ள குறிப்பிட்ட சாதனத்தைச் சுட்டும். எடுத்துக்காட்டாக, எழுதியவற்றையெல்லாம் விழுங்கிவிடும் 'நல்' என்னும் வெறுமைச் சாதனத்துக்குப் பேரெண் 1, சிற்றெண் 3 ஆகும். எஸ்-டி-ஏ என வழங்கும் முதல் வன்தட்டுக்கு 8, 0 என்பன எண்கள். எஸ்-டி-பி என வழங்கும் இரண்டாவதற்கு 8, 16 என்பன எண்கள். இடைப்பட்ட 1 முதல் 15 வரையுள்ள சிற்றெண்கள் முதற் தட்டின் பிரிவுகளுக்கு ஒதுக்கப்பட்டவை.

இங்கே ஒரு நுட்பம் அறியற்பாலது. எஸ்-டி-ஏ என்னும் பெயர் தட்டின் இயல்பு பற்றியது அன்று. கருனி எத்தட்டை முதலிற் கண்டதோ அதற்கே அப்பெயர் உரியதாகும். வகுப்பறைக்குள் முதலில் நுழையும் மாணவனுக்கு அன்றன்றைக்கு முதலாம் எண்ணை வழங்கும் ஆசிரியரின் செயலை இஃது ஒக்கும். நாடோறும் ஒரே ஒழுங்கில் மாணவர் வரும்வரை தீங்கில்லை. ஒருவன் பிந்தி வரும் நாளில், ஒருவன் பெற்ற புள்ளி இன்னொருவன் கணக்கிற் பதியப்படும்.

பழைய முறைகளும் அவற்றின் குறைகளும்

தொடக்க காலத்தில் சாதனக் கணுக்கள் முன்கூட்டியே ஆக்கிவைக்கப்பட்டன. மேக்டெவ் என்னும் நிரல், உலகில் இருத்தற்கு இயலும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் கணுக்களை அமைத்துவைத்தது. கணினியில் ஒரே ஒரு தட்டு இருந்தபோதிலும் டெவ் அடைவில் பல தட்டுகளுக்கான கணுக்கள் நிறைந்திருக்கும். 2003 இல் வெளிவந்த ரெட் ஹற் 9 என்னும் லினக்ஸ் வெளியீட்டில் இவ்வாறான கணுக்கள் 18,000 இற்கு மேற்பட்டிருந்தன. எவை மெய்ச் சாதனங்களைக் குறிப்பன, எவை வெறும் பெயர்கள் என்பதை அடைவைப் பார்த்து அறிய இயலாதிருந்தது. அன்றியும், பேரெண்ணுக்கும் சிற்றெண்ணுக்கும் அக்காலத்தில் எட்டு எட்டு பிற்றுகளே ஒதுக்கப்பட்டிருந்தமையால் ஒவ்வொன்றிலும் 256 எண்களே கிடைத்தன. யூ.எஸ்.பி. வழியாகப் பல்வகைச் சாதனங்கள் பெருகத் தொடங்கியபோது இவ்வெண்கள் போதாவாயின.

இக்குறையைப் போக்க ரிச்சட் கூச் என்பார் டெவ்-எவ்-எஸ் என்னும் கோப்பு முறைமையை ஆக்கினார். 2000 ஆம் ஆண்டில் அது லினக்ஸ் கருனியிற் சேர்க்கப்பட்டது. கணினியில் மெய்யாக உள்ள சாதனங்களுக்கு மட்டுமே கணுக்களைத் தோற்றுவித்தமை அதன் சிறப்பு. எனினும் அது பெயரிடும் கொள்கையைக் கருனியின் உள்ளேயே பொதிந்து வைத்தது. பயனர் வேறு பெயர் வேண்டின் கருனி இட்ட பெயரை ஒட்டியே தம் ஏற்பாட்டை அமைக்க வேண்டியிருந்தது. சாதனங்கள் ஒரே கணத்தில் வந்தும் நீங்கியும் போகும்போது நிகழும் முரண்களை அதன் நிரல் செவ்வனே கையாளவில்லை என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. ஈற்றில் 2006 ஆம் ஆண்டில் அது கருனியினின்றும் முற்றாக நீக்கப்பட்டது.

யூடெவ்வின் தோற்றம்

2003 ஆம் ஆண்டில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யூடெவ்வை வெளியிட்டார். கே சீவர்ஸ் முதலியோர் அதனை வளர்த்தனர். அதன் அடிப்படை ஒரு பகுப்பாகும்: சாதனம் யாது என்பதைக் கருனி கூறுக, அதனை எப்பெயரால் அழைப்பது என்பதைக் கருனிக்கு வெளியே உள்ள நிரல் முடிவு செய்க. முன்னையது உண்மை பற்றியது. பின்னையது கொள்கை பற்றியது. உண்மை எல்லாக் கணினிகளுக்கும் பொது. கொள்கையோ இடத்துக்கு இடம் வேறுபடும். வங்கி ஒன்றின் சேவையகத்துக்கு ஏற்ற பெயரொழுங்கு பாடசாலைக் கணினி அறைக்கு ஏற்காது. எனவே எல்லார்க்கும் பொதுவான கருனியினுள் ஒருவர் கொள்கையைப் புகுத்துதல் தகாது என்பதே யூடெவ்வின் துணிபு.

இப்பகுப்பு இயலுவதற்குக் கருனி தான் அறிந்தவற்றை வெளியே காட்டுதல் வேண்டும். அப்பணியைச் செய்வது சிஸ்-எவ்-எஸ் என்னும் கோப்பு முறைமை. 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 ஆம் கருனியுடன் இது நிலைபெற்றது. ஒவ்வொரு சாதனமும் எப்பாட்டையில் இணைந்துள்ளது, அதனை ஆக்கிய நிறுவனத்தின் எண் யாது, தொடரிலக்கம் யாது என்பனவெல்லாம் அதில் வாசிக்கத்தக்க சிறு கோப்புகளாகத் தோன்றும். அதே கருனியில் பேரெண்ணுக்கு 12 பிற்றுகளும் சிற்றெண்ணுக்கு 20 பிற்றுகளும் ஒதுக்கப்பட்டன. எண் பஞ்சமும் ஒழிந்தது.

தொழிற்படும் முறை

பென் டிரைவ் ஒன்று கணினியிற் செருகப்படும்போது நிகழ்வன வருமாறு. முதலிற் கருனி புதிய சாதனம் இணைந்ததை உணர்கின்றது. சிஸ்-எவ்-எஸ்ஸில் அதற்கு ஓரிடம் அமைக்கின்றது. பின்னர் 'சேர்ந்தது' என்னும் செய்தியை நெற்லிங்க் என்னும் வழியாக வெளியிடுகின்றது. அச்செய்தியில் நிகழ்ச்சியின் வகை, சாதனத்தின் இருப்பிடம், அதன் இனம், வரிசையெண் முதலியன அடங்கியிருக்கும். பின்னணியில் ஓயாது காத்திருக்கும் யூடெவ்-டி என்னும் நிரல் அதனைப் பெற்றுத் தன் விதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றது. பொருந்தும் விதி கூறியவாறு கணுவின் உரிமையாளரையும் அனுமதியையும் நிர்ணயித்து, துணைப்பெயர்களை ஆக்கி, வேண்டிய சிறு நிரல்களை இயக்குகின்றது. சாதனம் நீக்கப்படும்போது 'நீங்கியது' என்னும் செய்தி வர, ஆக்கிய துணைப்பெயர்களை அகற்றுகின்றது.

சாதனத்துக்குரிய செலுத்தி நிரல் இன்னும் ஏற்றப்படாதிருப்பின் அதனையும் இக்கருவியே ஏற்றுவிக்கின்றது. சாதனம் தன் ஆக்குநர் எண், பொருளெண் முதலியவற்றைச் சேர்த்து ஒரு நீண்ட அடையாளச் சரத்தைக் கருனி வழியாக வெளியிடும். இன்ன சரத்துக்கு இன்ன செலுத்தி என்னும் அட்டவணை முன்னரே ஆயத்தமாக இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து உரிய செலுத்தி அழைக்கப்படுகின்றது.

யூடெவ் முதலில் தோன்றியபோது கணுவை ஆக்கும் பொறுப்பும் அதனுடையதாகவே இருந்தது. 2009 டிசெம்பரில் வெளிவந்த 2.6.32 ஆம் கருனியில் டெவ்-ரிஎம்பி-எவ்-எஸ் என்னும் சிறு கோப்பு முறைமை சேர்க்கப்பட்ட பின்னர், கணுவை அதன் அடிப்படைப் பெயரோடு கருனியே ஆக்குகின்றது. அனுமதி, உடைமை, துணைப்பெயர் என்பன யூடெவ்வின் பொறுப்பாயின. இது டெவ்-எவ்-எஸ்ஸுக்கு மீளுதல் என்று சிலர் கூறினர். ஆயின் கருனி இடுவது தற்காலிகமான இடுகுறி மாத்திரமே. நிலையான பெயரை இடும் அதிகாரம் வெளியிலேயே உள்ளது. ஆதலின் முதற் கோட்பாடு சிதைந்திலது.

விதிகளின் இலக்கணம்

யூடெவ்வின் விதிகள் எவரும் வாசித்து அறியத்தக்க எளிய எழுத்துக் கோப்புகள். ஒவ்வொரு விதியும் ஒரு வரியாகும். வரியின் ஒரு பகுதி நிபந்தனை, மறுபகுதி செயல். இரட்டைச் சமக்குறி இடப்பட்டால் அது ஒப்பிடுதலைக் குறிக்கும். ஒற்றைச் சமக்குறி மதிப்பை வழங்குதலைக் குறிக்கும். கூட்டற்குறியோடு கூடிய சமக்குறி, முன்னுள்ளவற்றோடு ஒன்றைச் சேர்த்தலைக் குறிக்கும். 'இனம் தட்டு எனவும் தொடரிலக்கம் இன்னது எனவும் இருப்பின், ஆவணக்காப்பு என்னும் துணைப்பெயரைச் சேர்க்க' என ஒரு விதியை எழுதலாம். அதன்பின் அத்தட்டு எத்துளையிற் செருகப்படினும், எத்தனையாவதாகக் காணப்படினும், அதன் பெயர் ஆவணக்காப்பே. தொடரிலக்கம் பற்றி வந்தமையால் இது காரணப்பெயராகின்றது.

கருவியோடு வரும் பொது விதிகள் முறைமையின் நூலக அடைவில் இருக்கும். அவ்விடத்துக்கெனப் பொறுப்பாளர் எழுதும் விதிகள் ஈ-ரி-சி அடைவில் இருக்கும். இரு இடங்களிலும் ஒரே பெயருடைய கோப்பு காணப்படின் பொறுப்பாளர் எழுதியதே செல்லும். கோப்புகள் பெயரின் அகர வரிசையில் வாசிக்கப்படுவதால் 10, 50, 99 என்பன போன்ற எண்களை முன்னே இட்டு ஒழுங்கை அமைப்பது மரபு. கருவி வழங்கியவற்றைத் திருத்தாது தம் விதிகளைத் தனியே எழுதுவதே அறிவுடைமை. கருவியைப் புதுப்பிக்கும்போது பொது விதிகள் மாறினாலும் தம்முடையவை அழியா.

தனியே விதி எழுதாவிடினும் பல காரணப்பெயர்கள் இயல்பாகவே கிடைக்கின்றன. கோப்பு முறைமையை ஒரு பிரிவில் ஆக்கும்போது 128 பிற்று நீளமுள்ள யூ-யூ-ஐ-டி என்னும் அடையாள எண் அதில் எழுதப்படுகின்றது. அவ்வெண்ணைக் கொண்ட துணைப்பெயரை யூடெவ் தானே அமைக்கின்றது. வலையமைப்பு அட்டைகளிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் கண்ட ஒழுங்கில் ஈத்-0, ஈத்-1 என வழங்கின. இரண்டு அட்டைகளின் பெயர்கள் தம்முள் மாறின், வெளியுலகுக்கென அமைத்த காவல் விதி உள்வலையமைப்புக்குச் சென்றுவிடும். 2013 முதல் அட்டை பொருந்தியுள்ள பாட்டையையும் துளையையும் காட்டும் பெயர்முறை புகுத்தப்பட்டது. உச்சரிப்புக்கு அரிதாயினும் அப்பெயர் இடம் தவறுவதில்லை.

எனினும் காரணப்பெயரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஒரு தட்டை அப்படியே படியெடுத்து இன்னொரு தட்டில் இட்டால் யூ-யூ-ஐ-டி எண்ணும் படியாகும். இரண்டையும் ஒருங்கே இணைப்பின் ஒரே பெயருக்கு இருவர் உரிமை கோருவர். தொடரிலக்கமே இல்லாத மலிவான சாதனங்களும் உண்டு. எக்காரணத்தைப் பற்றிப் பெயரிடுவது என்பதைப் பொறுப்பாளர் ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

மூலத்திலிருந்து ஆக்கலும் நிறுவலும்

2012 ஏப்பிரலில் யூடெவ்வின் மூல நிரல் சிஸ்ரம்-டி என்னும் பெரிய முறைமைத் தொகுதியோடு இணைக்கப்பட்டது. சிஸ்ரம்-டியை விரும்பாத வெளியீடுகளுக்கு இஃது இடர்ப்பாடாயிற்று. சிறு கருவி ஒன்றைப் பெறும்பொருட்டுப் பெருந்தொகுதியைச் சார்ந்திருக்க வேண்டுமோ என்று அவர்கள் அஞ்சினர். அதே ஆண்டு டிசெம்பரில் ஜென்ரூ வெளியீட்டைச் சார்ந்தோர் ஈயூடெவ் என்னும் கிளையைத் தொடங்கினர். 2021 இல் ஜென்ரூ அதனைக் கைவிட முடிவு செய்தபோது, அல்பைன், டெவுவான் முதலிய வெளியீடுகளைச் சார்ந்தோர் அதனை ஏற்று நடாத்தலாயினர். மூல நிரல் எல்லார்க்கும் திறந்திருந்தமையாலேயே இம்மாற்றங்கள் இயன்றன.

இதனை ஆக்கும் முறையைக் கற்க விரும்புவோர்க்குத் துணையாவது, முறைமை முழுவதையும் மூல நிரலிலிருந்து கட்டியெழுப்பக் கற்பிக்கும் 'லினக்ஸ் புறொம் ஸ்கிறற்ச்' என்னும் நூல். கனடாவைச் சார்ந்த ஜெராட் பீக்மன்ஸ் 1999 இல் இதனைத் தொடங்கினார். சிலகாலம் ஈயூடெவ்வைக் கையாண்ட இந்நூல், 2023 இல் வெளிவந்த 12.0 ஆம் பதிப்பு முதல், சிஸ்ரம்-டியின் மூலத்திலிருந்து யூடெவ்வுக்குரிய பகுதிகளை மாத்திரம் பிரித்து ஆக்கும் வழியைக் கூறுகின்றது. ஈயூடெவ்வை ஆக்கும் வழி படிகள் தெளிவானது, கற்போர்க்கு ஏற்றது.

ஆக்குமுன் வேண்டப்படுவன சில. கருனியில் சிஸ்-எவ்-எஸ்ஸும் டெவ்-ரிஎம்பி-எவ்-எஸ்ஸும் இயங்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். சீ மொழித் தொகுப்பான், செலுத்திகளை ஏற்றும் கேமொட் நூலகம், தட்டுகளின் அடையாளத்தை வாசிக்கும் பிளொக்-ஐடி நூலகம், சொல் தேடும் அட்டவணைகளை ஆக்கும் ஜீ-பேர்வ் என்பன முன்னரே நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஆக்கம் நின்றுபோகும், அல்லது குறைபாடுள்ள கருவி ஆக்கப்படும்.

முதற்படி கொன்பிகர் என்னும் ஆயத்த நிரலை இயக்குதல். அது கணினியைச் சோதித்து வேண்டியன உளவோ எனப் பார்க்கும். கருவி எவ்வடைவில் அமைய வேண்டும், அமைப்புக் கோப்புகள் எங்கிருத்தல் வேண்டும் என்பவற்றை இங்கேயே கூறுதல் வேண்டும். அமைப்புக் கோப்புகளுக்கு ஈ-ரி-சி அடைவைச் சுட்ட மறப்பின், பொறுப்பாளர் பின்னர் எழுதும் விதிகளைக் கருவி காணாது போகலாம். இரண்டாம் படி மேக் என்னும் கட்டளையால் மூல நிரலை இயங்கு நிரலாகத் தொகுத்தல். மூன்றாம் படி, விதிகளுக்குரிய அடைவுகளை அமைத்து, மேக் செக் என்னும் கட்டளையாற் சோதித்தல். அடைவுகளை முன்னரே அமைப்பது சோதனைக்கு அவை வேண்டப்படுவதாலாகும். நான்காம் படி முறைமைப் பொறுப்பாளர் உரிமையோடு நிறுவுதல். ஈற்றில் யூடெவ்-அட்ம் என்னும் துணைக்கருவியால் வன்பொருள் தரவுத்தளத்தைப் புதுப்பித்தல் வேண்டும். எழுத்து வடிவிலுள்ள சாதன விபரங்கள் இதனால் விரைந்து தேடத்தக்க ஒரே கோப்பாகத் தொகுக்கப்படும். அவ்விபரங்கள் மாறுந்தோறும் இப்படியை மீளவும் செய்தல் வேண்டும்.

நிறுவுதலோடு வேலை முடிந்ததன்று. கணினி தொடங்கும்போது யூடெவ்-டி இயங்குமுன்னரே கருனி பல சாதனங்களைக் கண்டு செய்தி விடுத்திருக்கும். கேட்போர் இன்மையால் அச்செய்திகள் வீணாகியிருக்கும். எனவே தொடக்க நிரல் முதலில் யூடெவ்-டியை இயக்கி, பின்னர் றிக்கர் என்னும் கட்டளையால் அச்செய்திகளை மீளவும் விடுக்குமாறு கருனியைத் தூண்டி, அதன்பின் செற்றில் என்னும் கட்டளையால் அவை யாவும் கையாளப்படும் வரை காத்திருக்கும். இவ்வொழுங்கு பிறழின் தட்டுகள் இருந்தும் துணைப்பெயர்கள் இல்லாதிருக்கும். முறைமை பாதியில் நின்றுவிடும். கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமையிலும் இக்கருவியின் படியொன்று இருப்பதுண்டு. அதனைப் புதுப்பிக்க மறப்பின் பழையதும் புதியதும் முரணும். பயன்பாட்டிலுள்ள கணினியில் இதனைச் செய்வோர் வேறு ஊடகத்திலிருந்து கணினியை எழுப்பும் வழியொன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

நம்பிக்கையும் காவலும்

பெயரிடும் அதிகாரம் உடையது முழு உரிமையோடு இயங்குவதாகும். ஆதலின் அது கேட்கும் செய்தி மெய்யானதோ என்பது முறைமையின் காவலையே பற்றிய வினாவாகும். 2009 இல் இதற்கொரு சான்று வெளிப்பட்டது. நெற்லிங்க் வழியாக வரும் செய்தி கருனியிடமிருந்தே வந்ததோ என்பதை அக்காலத்து யூடெவ் சோதிக்கவில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் பொய்ச் செய்தி ஒன்றை விடுத்து முறைமை முழுவதன் உரிமையையும் கைப்பற்ற அஃது இடமளித்தது. குறை அறியப்பட்டவுடன் திருத்தம் வெளியிடப்பட்டது. அதனைத் தம் கணினியில் நிறுவாதோர்க்கோ குறை நீங்கிற்றிலது. கருவியை ஆக்குதல் ஒருமுறைச் செயல்; காத்தல் தொடர்ச் செயல்.

ஆயத்தமாகத் தொகுக்கப்பட்ட முறைமைகள் எளிதிற் கிடைக்கும் இந்நாளில், மூலத்திலிருந்து ஒரு கருவியை ஆக்குவது வீண் உழைப்பென்று தோன்றலாம். பெரும்பாலான பயனர்க்கு அது வேண்டப்படுவதுமன்று. ஆயின் கணினியியல் கற்கும் மாணவர்க்கு இதனாற் பெறும் பயன் பெரிது. பேரெண்ணும் சிற்றெண்ணும் முதல் விதிகளின் ஒழுங்கு வரை ஒவ்வொன்றையும் தம் கையால் அமைத்தவர், சாதனம் ஒன்று தோன்றாதபோது எங்கே தேடுவது என்பதை அறிவர். செலுத்தி ஏற்றப்படவில்லையோ, செய்தி வரவில்லையோ, விதி பொருந்தவில்லையோ எனப் படிப்படியாகப் பிரித்தாராய்வர். உண்மையைக் கூறுவோரையும் பெயரை இடுவோரையும் வேறாக்கி, ஒவ்வொருவர்க்கும் உரிய எல்லையை வகுத்தமையே இக்கருவியின் வெற்றிக்குக் காரணமாகும். அவ்வெல்லை எங்கே அமைந்துள்ளது என்பதை உணர்ந்தார்க்கே அதன் பிழையைத் திருத்தவும், வேண்டுமிடத்து அதனை மாற்றியமைக்கவும் இயலும்.